7 பவுண்டுக்குள் ஒரு ஃபிளின்ட்லாக்: எடை எங்கே இருக்கிறது?

கேள்வி நீளமானது என்பதால் முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் பென்சில்வேனியாவில் வசிக்கிறார். கிறிஸ்துமஸுக்குப் பிறகு வரும் ஃபிளின்ட்லாக் (கல்லை எஃகில் உரசி வரும் பொறியால் வெடிக்கும் துப்பாக்கி) மான் வேட்டைக் காலத்தில் மலைக்காட்டில் தூக்கிக்கொண்டு நடக்க, பழைய பாணியில் குழல் வாய்வழி வெடிமருந்து கெட்டிக்கும் நீள் ரைஃபிள் ஒன்றைத் தானே கட்டிக்கொள்ள விரும்புகிறார். உயரம் 5 அடி 4 அங்குலம். வாங்குவதாக இருக்கும் பாகங்கள்: 42 அங்குல நீளமும் 15/16 அங்குலத் தடிமனும் உள்ள நேரான எட்டுப்பட்டைக் குழல், .50 காலிபர் (அதாவது அரை அங்குல விட்டமுள்ள துளை), குழலைத் தாங்கும் ஹார்டு மேப்பிள் மரக் கட்டை, பெரிய அளவுப் பூட்டு (கல்லை அடித்துப் பொறி எழுப்பும் இயந்திரம்), இரட்டை விசை, பித்தளைச் சாமான்கள். மேப்பிளை விட்டு வால்நட் போட்டால் மொத்த எடை 7 பவுண்டுக்குள் அடங்குமா, பாகங்களை எந்த வரிசையில் பொருத்துவது என்று கேட்டிருக்கிறார்.

அடங்காது. மரத்தை மாற்றி எடையைக் குறைக்கலாம் என்று பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். ஏனென்றால் கண்ணுக்கு அதிகம் தெரிவது மரம்தான். எடை இருப்பது இரும்பில். அதனால் இந்தக் கேள்விக்குள் இருக்கும் நிஜமான கேள்வி, எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான். நான் தொழில்முறைத் துப்பாக்கிக் கம்மியன் இல்லை. படித்தது இயந்திரவியல், பல வருடமாக ஓய்வு நேரத்தில் இந்தப் பாணி ரைஃபிள்களைக் கட்டிவருகிறேன். எது கணக்கு, எது என் ருசி என்று பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் கணக்கு. இதில் அபிப்பிராயத்துக்கு இடமில்லை. எட்டுப்பட்டைக் கம்பியின் குறுக்குப் பரப்பு, பட்டைக்குப் பட்டை உள்ள தடிமனின் வர்க்கத்தை 0.828-ஆல் பெருக்கினால் வரும். அதிலிருந்து துளையின் பரப்பைக் கழித்து, நீளத்தால் பெருக்கி, எஃகுக்குக் கன அங்குலத்துக்கு 0.283 பவுண்டு என்று வைத்துக்கொண்டால் குழலின் எடை கிடைத்துவிடும். உங்கள் பட்டியலில் உள்ள குழல் மட்டும் 6.3 பவுண்டு. அதே நீளம், அதே துளை, தடிமன் மட்டும் 7/8 அங்குலம் என்றால் 5.2 பவுண்டு. 13/16 என்றால் 4.2 பவுண்டுக்குள் வந்துவிடும். ஒரு அங்குலத்தில் பதினாறில் இரண்டு பங்கு குறைந்ததற்கு, ஏறக்குறைய ஒரு கிலோ இறங்குகிறது. மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்டு மேப்பிள் ஒரு கன மீட்டருக்கு 705 கிலோ, கறுப்பு வால்நட்டும் ரெட் மேப்பிளும் 610, செர்ரி 560 என்ற அளவில் இருக்கும். இழைத்து முடித்த ஒல்லியான கட்டை மொத்தமே ஒரு கிலோவை ஒட்டித்தான் வரும் என்பதால், ஹார்டு மேப்பிளிலிருந்து வால்நட்டுக்கு மாறினால் மிச்சம் ஏறத்தாழ 130 கிராம். ஒரே இன மரத்தில் ஒரு பலகைக்கும் இன்னொரு பலகைக்கும் இயல்பாகவே இருக்கும் வேறுபாடு அதைத் தின்றுவிடும்.

இன்னொன்று, முதலில் கேட்பவர்களுக்குத் தலைகீழாகத் தோன்றும். வெளித்தடிமன் ஒன்றாக இருந்தால், துளை பெரிதாக ஆகக் குழல் இலேசாகும். 13/16 அங்குலக் குழல் 42 அங்குல நீளத்தில் .40 காலிபரில் 5 பவுண்டு, .45-இல் 4.6, .50-இல் 4.2. சின்னக் குண்டு, சின்னத் துப்பாக்கி, ஆகவே இலேசு என்று நினைத்து .40 வாங்கியவர்கள் கையில் கடப்பாரை போல ஒன்று வந்து சேர்வது இதனால்தான். உங்கள் விஷயத்தில் .40 எப்படியும் ஆகாது. பென்சில்வேனியாவின் ஃபிளின்ட்லாக் காலத்தில் மானுக்கு .44 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே பேச்சு .45-க்கும் .50-க்கும் நடுவேதான்.

இங்கே உதையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஈயத்தில் வார்த்த உருண்டைக் குண்டு .45-க்கு 128 கிரெய்ன், .50-க்கு 177 கிரெய்ன் எடை வரும் (ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம்). அதே வேகத்தில் போனால் .50-இன் தள்ளு கூடுதல். துப்பாக்கி இலேசானால் இது இன்னும் ஏறும். ஒரே குண்டு, ஒரே அளவு மருந்து வைத்து 9 பவுண்டு ரைஃபிளையும் ஆறரைப் பவுண்டு ரைஃபிளையும் ஒப்பிட்டால், தோளுக்கு வரும் உதையின் ஆற்றல் கிட்டத்தட்ட 38 சதவீதம் அதிகம். இதுவரை கணக்கு. அது வலிக்குமா, எவ்வளவு வலிக்கும் என்பது கட்டையின் வடிவத்தையும் உங்கள் தோளையும் பொறுத்தது. அதை எழுத்தில் தீர்மானிக்க முடியாது. என் கருத்தைக் கேட்டால், மானுக்கு .50, ஆனால் மிதமான மருந்து. .45 போதும் என்று சொல்கிறவர்களும் தவறாகச் சொல்லவில்லை. தூரத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டு சுடுகிறவர்களுக்கு அது போதும்.

அடுத்து நீளம். இதைத்தான் முதலில் மாற்றச் சொல்வேன். 42 அங்குலக் குழலுடன் கட்டிய ரைஃபிள் முனையிலிருந்து தோள்பக்கம் வரை 57 அங்குலத்தைத் தொடும். உங்கள் உயரம் 64 அங்குலம். கட்டையைத் தரையில் ஊன்றி மருந்து கெட்டிக்கும்போது குழல் வாய் உங்கள் முகவாய்க்கு நேராக நிற்கும். கெட்டிக்கும் நேரத்தில் முகத்தை வாய்க்கு மேலே கொண்டுபோகக் கூடாது என்பது இந்தக் கலையின் முதல் பாடம். அதைப் பின்பற்ற முடியாத நீளத்தை வாங்கிவிட்டு ஒவ்வொரு முறையும் துப்பாக்கியைச் சாய்த்துக்கொண்டிருப்பானேன்? 36 முதல் 38 அங்குலம் போதும். 13/16 அங்குல .50 குழலில் ஒவ்வொரு அங்குலமும் 45 கிராம். 42-இலிருந்து 38-க்கு வந்தால் 180 கிராம் போகிறது, அதுவும் முனைப்பக்கத்திலிருந்து போகிறது. நீளம் குறைந்தால் பாணி கெட்டுவிடுமே என்று தயங்க வேண்டாம். இந்த நீள் ரைஃபிளுக்கு மூதாதையான ஜெர்மானிய யேகர் ரைஃபிள் குட்டையானது, முப்பது அங்குலத்தை ஒட்டிய குழல் கொண்டது. 18-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கம்மியர்கள் லங்காஸ்டர், பெர்க்ஸ் வட்டாரங்களில் அதை நீட்டி, ஒல்லியாக்கி, துளையைச் சுருக்கியதில்தான் பின்னால் கென்டக்கி ரைஃபிள் என்று பெயர் பெற்றது பிறந்தது. இடைப்பட்ட நீளங்கள் வரலாற்றுக்கு விரோதமில்லை.

நேரான குழலா, ஸ்வாம்ப்டு குழலா என்பது அடுத்த கேள்வி. ஸ்வாம்ப்டு என்றால் பின்பக்கம் தடித்து, போகப்போக இடுப்பு சிறுத்து, வாய்க்கு அருகே மறுபடி லேசாக விரியும் குழல். மூலப் பழைய ரைஃபிள்களில் நிறைய இப்படித்தான். மருந்து எரியும் இடத்தில் உலோகம் தடிமனாக இருக்கிறது, அழுத்தம் குறைந்த இடத்தில் மெலிகிறது. மொத்த எடை குறைவதைவிட, இருக்கிற எடை உங்கள் இரண்டு கைகளுக்கு நடுவே வந்து சேர்வதுதான் இதன் அழகு. ஒரே எடையுள்ள நேர்க்குழல் ரைஃபிளையும் ஸ்வாம்ப்டு ரைஃபிளையும் அடுத்தடுத்துத் தூக்கிப் பார்த்தால் பின்னது ஒரு பவுண்டு குறைவு என்று சத்தியம் செய்வீர்கள். விலை கூடுதல், பொருத்தவும் கடினம். குழலின் ஒவ்வொரு பட்டையும் வளைந்து போவதால் கட்டையில் அதற்கான காடியும் வளைந்தே போக வேண்டும். கையால் வெட்டுவது முதல் ரைஃபிளில் வேண்டாம். கடைசல் கூடத்திலேயே காடி வெட்டி, கெட்டிக்கும் குச்சியைச் செருகும் துளையும் போட்டுத் தரும் கட்டையை வாங்கிவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. நின்றபடி சுடுகிறவர்களில் பலர் முனையில் கொஞ்சம் எடை வேண்டும் என்பார்கள். முனை இலேசாக இருந்தால் மூச்சுக்கு மூச்சு ஆடும். அதுவும் ஃபிளின்ட்லாக்கில் விசையை இழுத்ததற்கும் குண்டு கிளம்புவதற்கும் நடுவே ஒரு கண இடைவெளி உண்டு, அந்தக் கணம் முழுக்க முனை அசையாமல் இருக்க வேண்டும். ஆகவே எவ்வளவு முடியுமோ அவ்வளவு இலேசு என்பது குறிக்கோளாக இருக்கக் கூடாது. ஆறே முக்கால் பவுண்டு, சமநிலை பூட்டுக்குச் சில அங்குலம் முன்னால், இதை வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள் என்பேன். ஆறு பவுண்டுக்குக் கீழே .50-ஐக் கொண்டுபோவது என் பார்வையில் வீம்பு.

மெல்லிய குழல் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய பாதுகாப்பு விஷயம் ஒன்று இருக்கிறது. 13/16 அங்குல .50 குழலில் சுவர்த் தடிமன் 0.156 அங்குலம். உள்ளே உள்ள சுழல் வரிகளின் ஆழத்தைக் கழித்தால் மூன்றரை மில்லிமீட்டரைத் தாண்டி கொஞ்சம்தான் இருக்கும். குறிபார்க்க உதவும் பின்குறியையும், கட்டையோடு குழலைப் பிணைக்கும் அடிக்காதுகளையும் பொருத்த டவ்டெயில் காடி (அடியில் அகன்று மேலே குறுகும் காடி) வெட்டுவோம் அல்லவா, அது வழக்கமாக ஒன்றரை மில்லிமீட்டர் ஆழம். தடித்த குழலில் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மெல்லிய குழலில் அரம் ஒரு இழுப்புக் கூடுதலாகப் போனாலும் கணக்கு மாறும். அதனால் காடியை 1.5 மில்லிமீட்டருக்கு மேல் போக விடாதீர்கள், ஆழமானியை வைத்து அளந்துகொண்டே ராவுங்கள். ஸ்வாம்ப்டு குழலின் இடுப்பில் எங்கே காடி வரலாம் என்பதைக் குழல் செய்தவரிடமே கேளுங்கள். அடிக்காதுகளை டவ்டெயில் இல்லாமல் மேலோட்டமாகப் பதித்து ஈயப் பற்று வைக்கும் முறையும் உண்டு, மெல்லிய குழலுக்கு அதுவே நல்லது. இருக்கிற சின்னத் துளைக் குழலைப் பெரிதாகத் துளைத்து எடை குறைக்கும் யோசனை யாராவது சொன்னால், கேட்காதீர்கள்.

குழலின் பின்வாயை அடைக்கும் திருகைப் பற்றியும் இதே குரலில் சொல்கிறேன். அதை நான் செய்வதில்லை. கருமருந்துக்கென்றே குழல் செய்பவரிடம், திருகு பொருத்தி முடித்த நிலையில் வாங்குகிறேன். திரும்பக் கழற்றுவதும் இல்லை. குழலுக்குள் என்ன மருந்து, எவ்வளவு என்பதற்கும் செய்தவர் தரும் தாளே வேதம். புகையற்ற நவீன மருந்து ஒரு சிட்டிகைகூட இதற்குள் போகக் கூடாது.

பூட்டுக்கு வருவோம். எடையைவிட இங்கே பொறி முக்கியம். கல் ஃபிரிஸன் என்கிற எஃகு முகத்தில் மேல்பாதியில் பட்டு, கீழே வரை சுரண்டிக்கொண்டு இறங்கி, பற்றவைக்கும் மருந்து இருக்கும் கிண்ணிக்குள் பொறியைக் கொட்ட வேண்டும். மேலே தட்டிவிட்டுச் சும்மா நின்றால் அந்தப் பூட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். சைலர் வகைப் பூட்டு ஜெர்மானியப் பாணி, பெரிது, சிறிது என்று இரண்டு அளவில் கிடைக்கிறது. நீங்கள் 13/16 குழலுக்குப் போனால் சிறியதை எடுங்கள். எடைக்காக இல்லை, இடத்துக்காக. பின்பக்கம் 13/16 அங்குலமே அகலமுள்ள குழலுக்குப் பக்கத்தில் பெரிய பூட்டை வைத்தால், அதன் உள்ளுறுப்புகள் கட்டையின் நடுக்கோட்டைத் தாண்டி எட்டிப் பார்க்கும். வெளியே பார்த்தாலும் ஒல்லியான இடுப்பில் பெரிய தகடு பொருந்தாமல் துருத்தும். ஸ்வாம்ப்டு குழலில் பின்பக்கம் தடிமனாக இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

பூட்டைக் கட்டையோடு பிடித்திருக்கும் முன் திருகு, ஆரம்பிப்பவர்கள் எல்லோரையும் ஒருமுறை உட்கார்ந்து யோசிக்க வைக்கும். குழலின் அடிக்கும் கெட்டிக்கும் குச்சி போகும் துளைக்கும் நடுவே உள்ள மரச்சுவர் மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். ஒல்லியாகக் கட்டுகிறோம் என்றால் அதற்கு மேல் விட முடியாது, விட்டால் முன்கட்டை முழுக்கத் தடித்துவிடும். திருகோ நான்கு மில்லிமீட்டர். அது எங்கேயாவது ஒரு பக்கம் உரசத்தான் செய்யும். குச்சித்துளை அந்த இடத்தில் முடிந்துவிடும்படி அமைப்பது, திருகை இன்னும் மெலிதாக எடுப்பது, அல்லது முன் திருகே இல்லாமல் கொக்கியால் பிடித்துக்கொள்ளும் பிற்காலப் பாணிப் பூட்டு, இவைதான் வழிகள். வாங்குமுன் கட்டையின் இந்தச் சுவர் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். ஆறு மில்லிமீட்டர் என்று பதில் வந்தால் அந்தக் கட்டை ஒருநாளும் ஒல்லியாகாது.

மரத்தைப் பற்றி எடை தவிர மற்ற எல்லாம் பேசலாம். கட்டையின் இடுப்பு, அதாவது கை பிடிக்கும் மெல்லிய பகுதி, அங்கே நார் ஓட்டம் இடுப்போடு கூடவே வளைந்து ஓட வேண்டும். குறுக்கே வெட்டி வெளியேறினால் ஒருநாள் அங்கேதான் உடையும். கனமான ரைஃபிளில் இடுப்பு தடிமனாக இருப்பதால் தப்பிக்கலாம். நீங்கள் மெலிதாக இழைக்கப்போகிறீர்கள். வரிவரியாக மின்னும் சுருள் மேப்பிளைப் பார்த்தவுடன் எல்லோரும் மயங்குகிறோம். ஆனால் அந்த மின்னலே நார் அலையலையாகப் போவதால் வருவது, இடுப்பில் அது குறைவாக இருந்தால் நல்லது. ரெட் மேப்பிள், வால்நட், செர்ரி எதுவாகவும் இருக்கட்டும், இடுப்பு நேராக இருக்கிற பலகையை எடுங்கள். என் ஓட்டு மேப்பிளுக்கு. உளிக்கு விளிம்பு உடையாமல் கூர்மையாக வெட்ட வரும் என்பதுதான் காரணம்.

சாமான்களில் நிஜமாக எடை குறைக்கலாம், பணமும் மிச்சம். பித்தளைத் தோள்தகடு, விசைக்காப்பு, பக்கப்பெட்டி, முனைமூடி எல்லாம் சேர்ந்தால் அரைக் கிலோவைத் தாண்டும். அப்பலாச்சியன் மலைகளில் தெற்கே கட்டிய எளிய ரைஃபிள்களில் மெல்லிய இரும்புச் சாமான்கள், சிலவற்றில் தோள்தகடே கிடையாது. பென்சில்வேனியாவிலேயே ஷிம்மல் என்று அழைக்கப்படும் குடியானவர் ரைஃபிள்களிலும் அலங்காரம் இல்லை, பெட்டி இல்லை, குச்சியைப் பிடிக்க ஒன்றிரண்டு குழாய்கள்தான். மலைக்காட்டில் நடப்பதற்கு அதுதான் பொருத்தம், உங்கள் ஊர் வழக்கமும்கூட. இரட்டை விசையை விட்டுவிட்டு ஒற்றை விசை போடுங்கள். இரட்டை விசை மெல்லத் தொட்டாலே வெடிக்கும், குளிரில் விறைத்த விரலுக்கு அது தேவையில்லை. ஒற்றை விசையின் அச்சாணி கட்டைக்குள் போதிய உயரத்தில் இருந்தால் அதுவே மெதுவாக இழுபடும். கெட்டிக்கும் குச்சி ஹிக்கரி மரத்தில், முனையிலிருந்து முனைவரை நார் நேராக ஓடுவதாக இருக்கட்டும். நார் வெளியேறும் குச்சி பாதியில் முறிந்தால் உள்ளங்கையைக் கிழிக்கும்.

பொருத்தும் வரிசையைக் கேட்டிருந்தீர்கள். குழல், பூட்டு, விசை, தோள்பக்கம், பிறகு மற்றவை. இதற்குக் காரணம் இருக்கிறது. குழல் கட்டையில் எங்கே உட்காருகிறதோ அதிலிருந்து தீத்துளையின் (கிண்ணியின் தீ குழலுக்குள் பாயும் துளை) இடம் முடிவாகிறது. தீத்துளையின் இடத்திலிருந்து பூட்டு, விசை தட்டிவிடும் பூட்டின் உள்கையிலிருந்து விசை, விசையிலிருந்து தோள்வரை உள்ள நீளம். இடையில் எதையாவது முன்கூட்டிப் பதித்துவிட்டால் மற்ற எல்லாம் அதற்காக வளைய வேண்டிவரும்.

குழலைப் பதிக்கும்போது அடியில் விளக்குப் புகைக்கரியைப் பூசி, காடியில் அமுக்கி எடுங்கள். கறுப்பு ஒட்டிய இடம் மேடு, அதை மட்டும் சீவுங்கள். காடி முழுக்கச் சீராகக் கறுப்பு ஒட்டும்வரை இதையே செய்ய வேண்டும், பொறுமை தவிர ரகசியம் இல்லை. மிக முக்கியமான இடம் பின்முனை. உதை முழுக்க அங்கே மரத்தில் இறங்குகிறது. குழலின் பின்முகம் மரத்தோடு முழுதாக முட்டி நிற்க வேண்டும். அதற்குப் பின்னால் நீளும் வாலின் நுனியில் மட்டும் ஒரு முடியிழை இடைவெளி விடுங்கள். வால் நுனி மரத்தை முட்டினால் ஒவ்வொரு வெடிக்கும் ஆப்பு அடிப்பது போல இடுப்பைப் பிளந்துகொண்டே போகும். இலேசான ரைஃபிளில் விரிசல் அங்கே தொடங்குவதை நிறையப் பார்த்திருக்கிறேன். குழலைப் பிணைக்கும் ஊசிகளுக்கு அடிக்காதில் போடும் துளையைச் சற்று நீள்வட்டமாக்குங்கள், மழைக்கும் வெயிலுக்கும் மரம் நீளும் சுருங்கும்.

பூட்டின் இடத்தைக் குறிக்குமுன், வாய் வழியாக நேரான குச்சியை உள்ளே விட்டு, பின் திருகின் முகம் எங்கே இருக்கிறது என்று அளந்து குழலின் வெளியே கோடு போடுங்கள். தீத்துளை அந்த முகத்துக்குச் சற்று முன்னால் வர வேண்டும், கிண்ணியின் நடுவுக்கு நேராகவும் வர வேண்டும். துளை திருகின் மரைக்குள் போய்விட்டால் தீ சரியாகப் பாயாது, கசடு சேரும், சுத்தமும் செய்ய முடியாது. பூட்டுக் குழியோடு வரும் கட்டைகளில் இது இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி இருப்பது உண்டு. அதனால் எதையும் வெட்டுமுன் குழல், கட்டை, பூட்டு மூன்றையும் மேசைமேல் சேர்த்து வைத்து அளவு பாருங்கள். பொருந்தவில்லை என்றால் இந்த நிலையில் திருப்பி அனுப்பலாம். உளி பட்ட பிறகு யாரும் வாங்க மாட்டார்கள். துளை போடும் வேலைக்கு, ஏற்கெனவே கட்டிப் பழகியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தோள்பக்கத்து நீளத்துக்கு, முழங்கை மடிப்பிலிருந்து சுட்டுவிரலின் முதல் கணு வரை அளப்பது பழைய வழி. அது ஒரு தொடக்கம், தீர்ப்பு அல்ல. கடையில் கிடைக்கும் முன்செதுக்கிய கட்டைகள் பொதுவாக பதின்மூன்றரை அங்குலத்தை ஒட்டி வரும். உங்கள் உயரத்துக்கு 13 போதும். நீங்கள் சுடப்போவது டிசம்பர், ஜனவரிக் குளிரில், தடித்த மேலங்கியோடு. அதைப் போட்டுக்கொண்டே அளந்து பாருங்கள், கால் அங்குலம் இன்னும் குறையலாம். வடிவத்தில், 1780-க்கு முந்தைய பாணியின் அகன்ற தட்டையான தோள்பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். பின்னாளில் வந்த ஒடுங்கிய பிறைவடிவம் படத்தில் நன்றாக இருக்கும், ஆனால் இலேசான .50-க்கு அதன் இரண்டு கொம்பும் தோளில் குத்தும்.

எல்லாம் பொருந்திய பிறகுதான் இழைப்பு. இங்கேதான் கடைசி முந்நூறு கிராம் ஒளிந்திருக்கிறது. புதிதாகக் கட்டுகிறவர்களின் ரைஃபிள் தடியாக இருப்பதற்குக் காரணம் பயம். முன்கட்டையில் குழலின் இரு பக்கமும் மரம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் போதும், குழலின் பாதி உயரத்துக்கு மேல் ஏறவும் வேண்டாம். பூட்டைச் சுற்றியுள்ள தட்டைப் பகுதியையும் மெல்லிய கரை அளவுக்கு இறக்குங்கள். மாறாக இடுப்பில் கடைசி வரை கை வைக்காதீர்கள். அங்கே மிச்சமாகும் எடை அற்பம், போகும் பலம் அதிகம். சமையலறைத் தராசை மேசையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாள் வேலைக்குப் பிறகும் நிறுத்து எழுதிவந்தால், எங்கே சீவினால் பலன் உண்டு என்று தெரிந்துவிடும். 38 அங்குல 13/16 குழல் 3.8 பவுண்டு, கட்டை 1.8, மற்ற எல்லாம் ஒன்றரை. ஏழு பவுண்டுக்கு ஒரு துளி மேலே நிற்கும், தோள்தகட்டை விட்டால் உள்ளே வந்துவிடும். 7/8 நேர்க்குழல் என்றால் எட்டுப் பவுண்டு என்று மனத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

சட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. அமெரிக்காவில் 1968-இன் கூட்டாட்சித் துப்பாக்கிச் சட்டம் இந்த வகை வாய்வழி ரைஃபிள்களைப் பழம்பொருள் வகையில் வைத்துப் பெரும்பாலான கட்டுப்பாடுகளிலிருந்து விலக்குகிறது. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு, வேட்டை உரிமமும் தனி. இதைத் தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்கள் கவனிக்க வேண்டும்: அங்கே நாட்டுத் துப்பாக்கி என்று சொல்லும் இதே வகைக்கு 1959-இன் ஆயுதச் சட்டப்படி வைத்திருக்க உரிமம் தேவை, செய்வதற்கும் உரிமம் தேவை. உரிமம் இல்லாமல் வீட்டில் கட்டிப் பார்ப்பது குற்றம். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மான் வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை.

பணம் கட்டுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். 1933-இல் தொடங்கிய தேசிய வாய்வழித் துப்பாக்கிச் சங்கம் இண்டியானாவின் ஃப்ரெண்ட்ஷிப் என்ற ஊரில் சுடுபோட்டிகள் நடத்துகிறது. அவ்வளவு தூரம் முடியாவிட்டால் உங்கள் பக்கத்திலேயே கருமருந்துச் சங்கங்கள் நிறைய இருக்கின்றன. அங்கே போய்க் கேட்டால் தங்கள் ரைஃபிளைக் கையில் கொடுப்பார்கள். தாராளமான ஆட்கள், நேரம் போவது தெரியாமல் பேசுவார்கள் என்பது மட்டும்தான் ஆபத்து. குளிர்கால மேலங்கியைக் கையோடு எடுத்துப் போங்கள். ஒரு நேர்க்குழல், ஒரு ஸ்வாம்ப்டு, இரண்டையும் தோளில் வைத்துக் கண்ணை மூடி, குறிக்கு உயர்த்தி, கண்ணைத் திறந்து பாருங்கள். குறி தானாகக் கண்ணுக்கு நேரே வந்து நிற்கிற ரைஃபிளின் நீளம், தோள்பக்கத்து இறக்கம், சமநிலை மூன்றையும் அளந்து எழுதிக்கொண்டு வந்து இங்கே போடுங்கள். குழல் வாங்குவதைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.